எல்லாத்தையும் ஒரே மாசத்துல மாத்தாதே தங்கச்சி!

கல்யாணத்துக்குத் தேதி குறித்த அன்றே வீட்டில் லிஸ்ட் போட ஆரம்பித்துவிடுவார்கள். மண்டபம், சமையல், முகூர்த்தப் பட்டு, சீர்வரிசைப் பாத்திரம், யார் யாருக்கு எத்தனை பத்திரிகை என்று நோட்டு நிறைந்துவிடும். அதே மாதத்தில் பெண்ணின் கையைவிட்டுப் போகிறவற்றுக்கு மட்டும் யாரும் லிஸ்ட் போடுவதில்லை. வேலையை ராஜினாமா செய்வாள். ஊர் மாறும். அப்பாவின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வரும். 'அந்த சிம்முக்கு இங்க டவரே கிடைக்காது' என்று செல் நம்பர் மாறும். சம்பள அக்கவுன்ட் தூங்கிப்போகும். தினமும் ஒன்றாக பஸ் ஏறிய சிநேகிதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் தெரிவாள். ஆறேழு மாதம் கழித்து எனக்குப் போன் வரும். கணவர் நல்லவர், மாமியாரும் குறை சொல்கிற மாதிரி இல்லை, வீடு வசதியானது. 'ஆனா நான் யாருன்னே எனக்குத் தெரியலக்கா' என்பாள்.

அப்படிப் போன் பண்ணும் தங்கைகளுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். மனசைத் தேற்றுகிற பேச்சு கொஞ்சம்தான் இருக்கும். படிவம், பாஸ்புக், தேதி இதெல்லாம் நிறைய வரும். பொறுத்துக்கொள்.

மாற்றம் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கல்யாணம், குழந்தை, புது ஊர் எல்லாம் ஆசைப்பட்டு நாமே தேடிப் போகிறவைதான். ஒரே மாதத்தில் ஏழெட்டு விஷயத்தை மாற்றிவிட்டு, பழைய ஆளாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமே, அங்கேதான் இடிக்கிறது. ஒவ்வொன்றாக மாற்றினால் தாங்குகிற அதே மனசு, மொத்தமாக மாற்றும்போது திணறுகிறது.

கை மறந்துபோன கையெழுத்து

நான் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள். கேஒய்சி படிவத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. வேலையில் இருந்தபோது அதைப் படபடவென்று நிரப்பியவள், கல்யாணத்துக்குப் பிறகு வரும்போது பேனாவைப் பிடித்தபடி நிற்பாள். பக்கத்தில் இருக்கும் கணவர் 'ஹவுஸ் ஒய்ஃப்னு போடு' என்பார். அவரையும் தப்பு சொல்ல முடியாது. வரிசை நீளமாக இருக்கும், ஆபீசுக்கு நேரமாகியிருக்கும். அவளும் போடுவாள். கொஞ்சம் மெதுவாகப் போடுவாள்.

அதைவிட என்னை யோசிக்க வைப்பது கையெழுத்து. மூன்று நான்கு வருஷமாக செக்கிலோ வருகைப் பதிவேட்டிலோ கையெழுத்தே போடாதவளின் கை அதை மறந்துவிடுகிறது. என் கம்ப்யூட்டர் திரையில் அவளுடைய பழைய மாதிரிக் கையெழுத்து தெரியும்: சாய்ந்த எழுத்து, கடைசியில் ஒரு இழுப்பு, அடியில் இரண்டு புள்ளி. சலானில் இருப்பதோ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போல முழுப் பேர். 'பழைய மாதிரி போடுங்க மேடம்' என்றால், வேண்டாத சலான் ஒன்றின் பின்பக்கத்தில் போட்டுப் பார்ப்பார்கள். இனிஷியல் எஸ்ஸா கேயா என்றே ஒரு நிமிஷம் தடுமாற்றம் வரும். நாலைந்து தடவை கிறுக்கியபின் பெரும்பாலும் கை தானாகவே கண்டுபிடித்துவிடும். சிலர் அப்போது கவுன்ட்டர் என்றும் பார்க்காமல் சத்தமாகச் சிரித்துவிடுவார்கள்.

அதனால் முதல் டிப்ஸ் இதுதான். மாதத்துக்கு ஒரு முறையாவது உன் கையெழுத்து கேட்கிற ஒரு வேலையை உன் பேரில் வைத்துக்கொள். தபால் நிலையத்தில் ஒரு ஆர்.டி. போதும். கட்டப் போவது 500 ரூபாயாகக்கூட இருக்கட்டும். ஆன்லைனில் கட்டிவிடலாமே என்று கேட்பாய். கட்டலாம். ஆனால் வீட்டைவிட்டுக் கிளம்பி, ஒரு இடத்தில் உன் பேரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நேரில் போகச் சொல்கிறேன்.

ஒரு கூட்டல் கணக்கு

1967ல் அமெரிக்காவில் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மருத்துவர்கள் 43 வாழ்க்கை நிகழ்வுகளை எடுத்து, ஒவ்வொன்றும் மனிதனை எவ்வளவு ஆட்டுகிறது என்று மதிப்பெண் கொடுத்தார்கள். கணவனையோ மனைவியையோ இழப்பதற்கு 100. வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கு 47. கல்யாணத்துக்கு எவ்வளவு தெரியுமா? 50. வேலை போவதைவிட மூன்று மார்க் கூடுதல்! துக்கத்துக்கு மட்டும் இல்லாமல் சந்தோஷத்துக்கும் மார்க் போட்டதுதான் அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த விஷயம். பழகிய நிலையிலிருந்து எவ்வளவு தூரம் நகர வேண்டியிருக்கிறது என்பதைத்தான் அவர்கள் அளந்தார்கள்.

நம் ஊர்க் கல்யாணத்துக்கு அந்தப் பட்டியலை வைத்துக் கூட்டிப் பார். கல்யாணம் 50. வீடு மாறுவது 20. வாழ்க்கைச் சூழல் மாறுவது 25. சொந்தப் பழக்கங்களை மாற்றிக்கொள்வது 24. தூங்கும் நேரம் மாறுவது 16. சாப்பாட்டுப் பழக்கம் மாறுவது 15. மொத்தம் 150. அந்தப் பட்டியலில் 150ஐத் தாண்டினால் உடம்புக்கு ஏதாவது வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கு. மாமியார் வீட்டோடு உரசலுக்கு 29 தனியாக இருக்கிறது. அதை நான் இன்னும் சேர்க்கவில்லை.

அன்றைய அமெரிக்கர்களை வைத்துப் போட்ட கணக்கு இது. ஜாதகம் மாதிரி நம்பிக்கொண்டு உட்காராதே. ஆனால் கூட்டிப் பார்க்கும் பழக்கம் நல்லது. தள்ளிப்போட முடிந்தவை எவை என்று அப்போதுதான் கண்ணில் படும். கல்யாணத்தைத் தள்ள முடியாது, ஊரையும் தள்ள முடியாது. வேலையை விடுவதை மூன்று மாதம் தள்ளலாம். சம்பளமில்லா விடுப்பு உண்டா, வேறு கிளைக்கு மாற்றல் உண்டா, வீட்டிலிருந்தே வேலை உண்டா என்று கேட்காமலேயே ராஜினாமா கடிதம் எழுதுகிற பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன். கேட்டு இல்லை என்று சொன்ன பிறகு எழுதலாமே, கடிதம் எங்கே ஓடிப்போகிறது?

இனிஷியல், பான், பிஎஃப்: அவசரப்படாதே

கல்யாணமானால் பெண் பேரையோ இனிஷியலையோ மாற்றியே ஆக வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. பாஸ்போர்ட்டுக்கும் கட்டாயமில்லை. மாற்ற ஆசை இருந்தால் தாராளமாக மாற்று. மாற்றுவதாக இருந்தால் ஆதார், பான், வங்கி, பிஎஃப் நான்கிலும் ஒரே மாதிரி மாற்று. ஆதாரில் கணவர் இனிஷியல், பானில் அப்பா இனிஷியல், பிஎஃப்பில் இனிஷியலே இல்லை என்று ஆளுக்கொரு பேரில் இருந்தால், பணம் எடுக்கும் நாளில் நீதான் அலைய வேண்டும். வங்கிக்கு உன் பழைய அடையாள ஆவணத்தோடு திருமணப் பதிவுச் சான்றிதழ் போதும். இல்லாவிட்டால் அரசிதழ் அறிவிப்பு. கல்லூரிச் சான்றிதழ்கள் பழைய பேரிலேயே இருக்கும் என்பதால் திருமணச் சான்றிதழைப் பத்திரமாக அவற்றோடு சேர்த்து வை. பான் எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். பேர் மாறினால் அதே எண்ணில் திருத்தம் போட வேண்டும். புதிதாக இன்னொன்று வாங்கி இரண்டு வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம்.

இனிஷியலை மாற்றினாலே நீ தொலைந்துவிடுவாய் என்றும் நான் பயமுறுத்த மாட்டேன். எம்.எஸ்.சுப்புலட்சுமியின் 'எஸ்' அவருடைய அம்மா சண்முகவடிவு. 1940ல் சதாசிவத்தை மணந்த பிறகும் கடைசிவரை அந்த இரண்டு எழுத்துதான். இன்னொரு பக்கம் வை.மு.கோதைநாயகி. அந்த 'வை.மு.' கணவர் வீட்டுடையது. ஐந்தாறு வயதில் கல்யாணம், பள்ளிக்கூடம் போனதில்லை, முதல் நாடகத்தைச் சிநேகிதியிடம் வாயால் சொல்லித்தான் எழுத வைத்தார். 1925லிருந்து 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, 115 நாவல் எழுதி, அந்த இனிஷியலையே தன் பேராக்கிக்கொண்டார். இரண்டு பேருமே தொலையவில்லை. ஒருவர் பாட்டை விடவில்லை, மற்றவர் கதையை விடவில்லை.

பிஎஃப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேலையை விட்டதும் கல்யாணச் செலவுக்கு என்று பிஎஃப்பைத் துடைத்து எடுப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. தொடர்ந்து ஐந்து வருஷம் முடிவதற்குள் எடுத்தால் அந்தத் தொகைக்கு வரி உண்டு. அதைவிடப் பெரிய நஷ்டம் பென்ஷன் பக்கம். பத்து வருஷம் சர்வீஸ் சேர்ந்தால்தான் மாதப் பென்ஷன் உரிமை வரும். நீ நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த நாலு வருஷம் அழிந்துபோகும். எடுக்காமல் ஃபார்ம் 10சி-யில் 'ஸ்கீம் சர்டிஃபிகேட்' கேட்டு வாங்கிவைத்தால், எப்போது மறுபடி வேலைக்குப் போனாலும் ஐந்தாவது வருஷத்திலிருந்து எண்ணலாம். யுஏஎன் எண் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான்; நம்பரை எங்காவது எழுதிவை. நீ நாலு வருஷம் உழைத்தாய் என்பதற்கு அரசாங்கம் வைத்திருக்கும் சாட்சி அந்த பிஎஃப் கணக்கு. ஒரு ஃபிரிட்ஜுக்காக அதை அழிக்காதே.

செல் நம்பர். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பல பெண்களுக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆதார், வங்கி, பிஎஃப் எல்லா ஓடிபியும் வருவது அதில்தான். புது ஊரில் சிம் மாற்றினால் பழைய நம்பரையே வேறு கம்பெனிக்கு போர்ட் செய்துகொள். 'என் நம்பரையே கொடுத்துடலாம், உனக்கு எதுக்கு அலைச்சல்' என்று கணவர் அன்பாகச் சொன்னால், 'அலைச்சல் பரவாயில்லங்க' என்று நீயும் அன்பாகச் சொல்லிவிடு. உன் பணத்துக்கு வருகிற ஓடிபியை இன்னொருவர் போனில் கேட்டு வாங்குகிற நிலைமை வேண்டாம். ரீசார்ஜ் செய்யாமல் பல மாதம் விட்டாலும் நம்பர் வேறொருவருக்குப் போய்விடும் என்பதை மறக்காதே.

ஜாயின்ட் அக்கவுன்ட் தாராளமாக ஆரம்பியுங்கள். அதோடு உன் பேரில் மட்டும் ஒரு கணக்கும் இருக்கட்டும்.

ரேஷன் கார்டில் பேர் நீக்குவது பலரையும் அழ வைக்கிறது. அப்பா வீட்டுக் கார்டிலிருந்து நீக்கினால்தான் புது வீட்டுக் கார்டில் சேர்க்க முடியும். அரிசி, சர்க்கரை ஒதுக்கீட்டுக் கணக்கு அது, அவ்வளவுதான். அதனால் பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்தது. அப்போது ஏற்கெனவே கல்யாணமாகியிருந்தவர்களை அது சேர்க்கவில்லை. 2005ல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களையும் சேர்த்தது. 2020ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது.

இரண்டை மட்டும் அசைக்காதே

பேப்பர் வேலை போதும். மனுஷ வேலைக்கு வருவோம். முதல் வருஷத்தில் எதை மாற்றினாலும், பழைய வாழ்க்கையிலிருந்து இரண்டு விஷயங்களை மட்டும் அசைக்காமல் வைத்திரு என்பேன். ஒன்று, உன்னைப் பதினைந்து வயதில் தெரிந்த ஒரு ஆள். இன்னொன்று, நீ கையால் செய்கிற ஒரு வேலை.

ஆள் என்றால் அம்மா இல்லை. அம்மாவிடம் பேசினால் பேச்சு 'மாப்பிள்ளை சாப்பிட்டாரா'வில் போய் நிற்கும். பள்ளிக்கூடத்திலோ ஹாஸ்டலிலோ கூட இருந்த ஒருத்தியைப் பிடி. வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று வைத்துக்கொள். முதல் பத்து நிமிஷம் வீட்டுக்காரர், மாமியார், குழந்தை பற்றிப் பேசக் கூடாது என்று ஒப்பந்தம் போடு. ஆரம்பத்தில் பேச விஷயமே இல்லாதது போல இருக்கும். இருக்கட்டும். கெமிஸ்ட்ரி லேபில் நீ எதை உடைத்தாய் என்று அவள் ஞாபகப்படுத்துவாள். உன்னைப் பற்றி உன் புது வீட்டில் யாருக்குமே தெரியாத ஐம்பது விஷயம் அவளுக்குத் தெரியும்.

கைவேலை என்றால் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதே. தையலோ, வீணையோ, டேலியோ, கணக்கு டியூஷனோ, நீ செய்தால் நன்றாக இருக்கும் என்று நாலு பேர் சொன்ன வேலை எதுவாக இருந்தாலும் சரி. தினமும் முடியாது. ஒரு மாதம் விடுபட்டாலும் பரவாயில்லை. 'முன்னாடி பண்ணிட்டிருந்தேன்' என்ற நிலைக்கு மட்டும் போகவிடாதே. துவரங்குறிச்சியில் படிப்பை நிறுத்தி, கல்யாணம் செய்துவைக்கப்பட்ட ஒரு பெண் வீட்டுக்குத் தெரியாமல் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். வைத்துக்கொண்ட புனைபெயர் சல்மா. பின்னாளில் பேரூராட்சித் தலைவர், நாவலாசிரியர் என்று ஊரே தெரிந்துகொண்டது அந்தப் பேரைத்தான். அவருக்கு இருந்த தடையில் பாதிகூட உனக்கு இல்லை என்றால் சந்தோஷப்பட்டு, இன்றைக்கே அந்தத் தையல் மெஷினின் உறையை எடு.

குழந்தை வந்த பிறகு

குழந்தை பிறந்த வீட்டில் அம்மாவின் பேர் காணாமல் போகும். டாக்டர் வீட்டில் 'பேபி மதர்', பக்கத்து வீட்டில் 'குட்டி அம்மா', வீட்டில் 'பாப்பாவுக்குப் பசிக்குது பாரு'. முதல் சில மாதம் இதைத் தவிர்க்க முடியாது. தவிர்க்கவும் முயலாதே. உடம்பே வேறாகிவிட்டிருக்கும். தாயாகும் இந்தக் காலத்தைத் தனியொரு கட்டமாகப் பார்க்க வேண்டும் என்று டானா ராஃபேல் என்ற மானிடவியலாளர் 1973லேயே எழுதினார். வயசுக்கு வந்த புதிதில் 'நான் ஏன் இப்படி இருக்கேன்' என்று எரிச்சல்பட்டாய் அல்லவா, அதே குழப்பம்தான். நீ மோசமான அம்மா என்பதற்கு அது அறிகுறி இல்லை.

வேலையில் இருப்பவளுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. மசக்கையோடு ராஜினாமா எழுதாதே. தனியார் நிறுவனத்தில்கூட, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு. 2017 திருத்தம் இது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துவர அனுமதியும் வேண்டும். தமிழக அரசு ஊழியருக்கு 2021லிருந்து விடுப்பு ஓராண்டு. விடுப்பை முழுசாக எடு. வேலையை விடுவதா வேண்டாமா என்பதை, இரண்டு மணி நேரம் தொடர்ந்து தூங்க முடிகிற காலம் வந்த பிறகு யோசி. ராத்திரி மூன்று மணிக்கு எடுத்த எந்த முடிவையும் காலையில் அமல்படுத்தாதே.

ஏற்கெனவே விட்டுவிட்டாயா? ஒன்றும் முழுகிப்போகவில்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 மாதிரித் தேர்வுகளில் பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினர் குறைந்தபட்சத் தகுதியைவிடக் கூடுதலாகப் படித்திருந்தால் பல பதவிகளுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. ஐடி, நிதித் துறைகளில் இடைவெளி விட்டவர்களுக்கென்றே தனித் தேர்வு நடத்தும் நிறுவனங்கள் உண்டு. பயோடேட்டாவில் அந்த ஐந்து வருஷத்தை மறைத்து எழுதாதே. 'குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, அந்தக் காலத்தில் படித்தது, கற்றது ஏதாவது இருந்தால் கீழே போடு.

அமெரிக்கா போகிறவளுக்கு

எச்-4 விசாவில் போகும் தங்கைக்கு இது. விசாவில் நீ இன்னாரின் மனைவி, அவ்வளவுதான். போன உடனே வேலை பார்க்க முடியாது. 2015 மே மாதத்திலிருந்து சில எச்-4 மனைவிகளுக்கு வேலை அனுமதி வாங்க வழி வந்தது. பெரும்பாலும் கணவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்ட பிறகுதான் அதுவும். அதற்கு வருஷக்கணக்கில் ஆகலாம். இதைக் கல்யாணப் பேச்சின்போதே மாப்பிள்ளையிடம் நேரடியாகக் கேள்: 'ஐ-140 ஆயிடுச்சா?' சம்பளம் எவ்வளவு என்று மாமா கேட்கும்போது இதையும் கேட்பதில் என்ன கூச்சம்?

படிக்கத் தடையில்லை, சம்பளமில்லாத் தொண்டு வேலைக்கும் பெரும்பாலும் தடையில்லை. ஆனால் படிக்கப் போகும்போது பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்ட் கேட்பார்கள். அதை ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடு. வேலை பார்த்த இடத்தில் அனுபவச் சான்றிதழையும் உடனே வாங்கு. ஃப்ளைட் ஏறிய பிறகு இந்தக் காகிதங்களுக்காக அப்பா பல்கலைக்கழக வாசலில் நிற்க வேண்டிவரும்.

அங்கே போனதும் கார் ஓட்டக் கற்றுக்கொள். மற்றதெல்லாம் அப்புறம். கடைக்குப் போகவே இன்னொருவர் ஆபீஸிலிருந்து வரும்வரை காத்திருக்கிற வாழ்க்கை, எப்பேர்ப்பட்ட தைரியசாலியையும் ஆறு மாதத்தில் சுருக்கிவிடும்.

அப்பாவையும் கவனி

இந்தச் சிக்கல் பெண்களுக்கு மட்டும் என்று நினைக்காதே. அடையாளச் சிக்கல் என்ற பேச்சை உளவியலில் பரப்பிய எரிக் எரிக்சன், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களிடம்தான் முதலில் இதைக் கவனித்தார். பேர் தெரியும், ஊர் தெரியும், ஆனால் முன்னால் வாழ்ந்ததும் இப்போது வாழ்வதும் ஒட்டவில்லை. அவரே ஹோம்பர்கர் என்ற வளர்ப்புத் தந்தையின் பேரோடு வளர்ந்து, 1939ல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியபோது எரிக்சன் ஆனவர். அவருக்குத் தெரியாதா!

60 வயதில் ரிட்டயர் ஆகிற ஹெட்மாஸ்டருக்கு மே 31ஆம் தேதி வரைக்கும் தெருவே வணக்கம் சொல்லும். ஜூனில் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது அவர் வாசலில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். போன் அடிக்காது. 'இனிமே நிம்மதியா ரெஸ்ட் எடுங்க' என்று மட்டும் அவரிடம் சொல்லாதே. நேரம் குறித்த ஒரு வேலையை ரிட்டயர்மென்ட்டுக்கு மூன்று மாதம் முன்பே பிடித்துக்கொடு. நூலகம், ஓய்வூதியர் சங்கம், கோயில் கணக்கு, பேரனுக்குக் கணக்குப் பாடம் எதுவானாலும், 'பத்து மணிக்குப் போகணும்' என்று சட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். அம்மாவுக்கும் சமையலறையில் நிம்மதி.

வீட்டில் எப்படிக் கேட்பது

'எனக்கு ஐடென்டிட்டி வேணும்' என்று சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தால் சண்டைதான் வரும். யாருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று புரியாது. கேட்கிறதை நாளும் மணியுமாகக் கேள். 'செவ்வாய்க்கிழமை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் பாப்பாவை நீங்க பாத்துக்கணும், நான் வெளியே போறேன்.' 'மாசம் இவ்வளவு என் அக்கவுன்ட்ல போட்டுடுங்க, எதுக்குன்னு கேட்கக் கூடாது.' இப்படிக் கேட்டால் சரி அல்லது முடியாது என்று பதில் வரும். முடியாது என்றால் எந்த நாள் முடியும் என்று கேட்கலாம். எங்கே போனாய், என்ன செய்தாய் என்று கணக்குச் சொல்லப் பழக்கப்படுத்தாதே. பார்க்கில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாலும் அது உன் இரண்டு மணி நேரம்.

இதையெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால் நாள் கணக்கைக் கவனி. பிரசவம் ஆன இரண்டு வாரத்துக்குள் அழுகையும் எரிச்சலும் வந்து போவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் வரவில்லை, குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை, இல்லாமல் போய்விட்டால் தேவலை என்ற நினைப்பு வருகிறது என்றால் என் டிப்ஸ் எதுவும் உதவாது. மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கணவரை இழந்தவர்களுக்கும், விவாகரத்து ஆனவர்களுக்கும், வேலை போனவர்களுக்கும் இதே பேச்சுதான். டெலி மானஸ் எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழக அரசின் 104லும் பேசலாம். கோயிலுக்குப் போய்விட்டு வா, சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கோயிலுக்கும் போ. டாக்டரையும் பார்.

கடைசியாக, மாமியார், நாத்தனார், கணவர் என்று யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு வந்த பெண்ணை 'ஏம்மா', 'இந்தாம்மா', 'பாப்பா அம்மா' என்றெல்லாம் கூப்பிடுவதற்கு நடுவே, நாளைக்கு ஒரு தடவையாவது அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.